ஓசூரில் முகோ பைன் வளருமா?

வணக்கம் நேயர்களே. ஓசூரிலிருந்து பேசுகிறேன். குளிர்மலைச் செடிகளைப் பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டு, முகோ பைன் கன்றை வாங்கித் தொட்டியில் வைக்கலாமா என்று தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பலர் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அது நம் ஊரில் ஏன் நிலைக்காது என்பதை விளங்கிக்கொண்டால்தான் அது எப்பேர்ப்பட்ட செடி என்பதும் விளங்கும் என்பதால், இன்று முழுவதும் அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ், கார்ப்பேத்தியன், பால்கன் மலைகளில், கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் தொடங்கி 2,000 மீட்டரையும் தாண்டி, உயரமான மரங்கள் வளர முடியாமல் நின்றுவிடும் இடங்களில்கூட இந்தப் பைன் புதராகப் படர்ந்து கிடக்கிறது. இத்தாலியத் தாவரவியலாளர் அந்தோனியோ துர்ரா 1764இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அடியிலிருந்தே பல தண்டுகள் கிளைத்து, தரையோடு வளைந்து சென்று, பிறகு நுனியை நிமிர்த்தும். ஊசியிலைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும்; நீளம் 3 முதல் 7 சென்டிமீட்டர் வரை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரையும் இது தாங்கிக்கொள்ளும்.

பனி ஆள் உயரத்துக்குக் கொட்டும்போது நேராக நிற்கும் மரத்தின் கிளை முறிந்துவிடும். முகோ பைனின் கிளையோ வளைந்து தரையில் படுத்துக்கொள்கிறது, பனி உருகியதும் எழுந்துவிடுகிறது. சரிவான நிலத்தில் இதன் வேர் மண்ணைப் பிடித்து வைப்பதால், மண் அரிப்பைத் தடுக்க இதைத் தேடித் தேடி நட்டார்கள். லித்துவேனியாவின் கடலோர மணல்மேடுகள் நகராமல் இருக்க 19ஆம் நூற்றாண்டில் இது நடப்பட்டது. நியூசிலாந்தின் தெற்குத் தீவிலும் அரிப்பைத் தடுக்கவே நட்டார்கள். ஆனால் அங்கே விதை பரவி, மலைப்புல்வெளிகளை மூடிக்கொண்டு, இன்று வெட்டி அகற்ற வேண்டிய களையாகிவிட்டது. நல்ல நோக்கத்தோடு கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலத்தை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஒரு செடியின் உறுதி, அதன் சொந்த ஊருக்கு வெளியே எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்வது கடினம்.

இனி, பலரும் வருத்தத்தோடு கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: ஏன் இவ்வளவு மெதுவாக வளர்கிறது? 'மாப்ஸ்' என்ற குட்டை ரகம் பத்து ஆண்டுகள் ஆன பிறகும் இடுப்பளவைத் தாண்டுவது அரிது. மலை உச்சியில் வளர்வதற்கு ஏற்ற வெயில் ஆண்டில் சில மாதங்களே கிடைக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மொட்டுக்குள் இருக்கிறது. இந்த வசந்தத்தில் நீளப்போகும் குருத்தின் பெரும்பகுதி, சென்ற கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகி, மடங்கி, உறைகுளிர் முடியும்வரை உறங்கிக்கிடக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவைதான் துளிர் விடும். ஆகவே இன்று யூரியாவை அள்ளிப் போட்டாலும் இந்த ஆண்டின் துளிர் அதற்காகக் கூடிவிடாது. மிஞ்சிய உரம் வேரைத்தான் பாதிக்கும்.

அந்த உறக்கத்துக்குத் தேவையான நீண்ட குளிர் நம்மிடம் இல்லை. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ரோஜாவுக்கு அருமையான ஊர். தளிப் பகுதியை வெள்ளையர்கள் குட்டி இங்கிலாந்து என்றே அழைத்தார்கள். என்றாலும் மார்கழியிலும் இங்கே தண்ணீர் உறைவதில்லை. தருமபுரியின் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையை இரவின் வெப்பத்தில் சுவாசமே செலவழித்துவிட, சேமிப்பு இல்லாமல் செடி நாளுக்கு நாள் மெலிகிறது. போதாக்குறைக்குத் தொட்டியில் இறுகிய செம்மண்ணும் தினமும் ஊற்றும் தண்ணீரும் சேர்ந்தால் வேர் அழுகிவிடும்.

ஊசியிலைச் செடிகளிடம் ஒரு குணம் உண்டு. அதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வேர் செத்த பிறகும் இலை பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். பழுப்பு நிறம் கண்ணில் படும்போது காப்பாற்றும் காலம் கடந்திருக்கும். ஆகவே பச்சையாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் கன்றை வாங்காதீர்கள். நுனி மொட்டு பருத்து உயிரோடு இருக்கிறதா, வேர் வெளிர்நிறமாக உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் 'மாப்ஸ்' விதை என்று விற்பதையும் வாங்க வேண்டாம். பெயர் பெற்ற குட்டை ரகங்கள் ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படுபவை. விதையிலிருந்து அதே குணத்தோடு அவை வருவதில்லை.

அப்படியானால் நாம் எதை வைக்கலாம்? அலுவலக வளாகங்களில் நீங்கள் தினமும் பார்க்கும் துஜா நம் வெயிலைத் தாங்கும் உண்மையான ஊசியிலைச் செடி. (சவுக்கு பார்ப்பதற்குப் பைன் போல இருந்தாலும் அது பூக்கும் தாவர வகை.) குட்டையாக, போன்சாய் போல வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சீன ஜூனிபர் பொருத்தம்; பெங்களூரு நர்சரிகளில் எளிதாகக் கிடைக்கிறது, ஓசூர்க் காற்றும் அதற்கு ஒத்துவருகிறது. மொட்டைமாடியில் காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள், வீட்டுக்கூடத்தில் வேண்டாம். மண்ணோடு பொடி ஜல்லியும் ஆற்றுமணலும் கலந்து, தண்ணீர் நிற்காமல் வடிய விடுங்கள்.

கவாத்து செய்யும் முறையில் மட்டும் முகோ பைனும் துஜாவும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முகோ பைனை வளர்க்கும் ஊர்களில், வசந்தத்தில் மெழுகுவத்தி போல நிமிரும் இளங்குருத்தைப் பாதியளவு விரலாலேயே கிள்ளிவிடுவார்கள். இலை இல்லாத பழைய கட்டையில் கை வைக்கவே மாட்டார்கள், ஏனென்றால் அங்கிருந்து மறுபடி துளிர் வராது. நம் துஜாவையும் அப்படித்தான் வெட்ட வேண்டும். வேலி அகலமாகிவிட்டது என்று பழுப்புக் கட்டை தெரியும் அளவுக்கு வெட்டினால் அந்த ஓட்டை நிரந்தரமாகிவிடும். பச்சை இலை இருக்கும் பகுதிக்குள்ளேயே கத்தரியை நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓட்டை விழுந்த வேலி உங்களிடம் இருந்தால் அதன் படத்தை ஊர்ப் பெயரோடு அனுப்புங்கள். பக்கத்துக் கிளையை இழுத்துக் கட்டி அதை மறைப்பது எப்படி என்று அடுத்த காணொளியில் செய்து காட்டுகிறேன்.