எரியாத விளக்கும் எட்டு வயதுக் கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சின்னக் குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லித்தரப் போகும்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? அண்ணா செய்கிறார், குழந்தைகள் கைதட்டுகிறார்கள். அது வித்தை காட்டுவது. பொருள் குழந்தையின் கைக்குப் போக வேண்டும். அதற்கு நான்கு குழந்தைகளுக்கு ஓர் அண்ணாவோ அக்காவோ இருந்தால்தான் சமாளிக்க முடியும்.

ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம்: எல்இடி விளக்கை எரியவைப்பது. ஒரு குழந்தைக்கு இரண்டு பென்சில் பேட்டரி, அவற்றுக்கான ஹோல்டர், 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி ஒன்று, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். ஒரு பேட்டரி தருவது ஒன்றரை வோல்ட்தான், அதில் எரியாது. இரண்டு போட்டால் 3 வோல்ட். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அதோடு முடிந்தது. கைக்கடிகாரத்தில் போடும் பட்டன் பேட்டரி சின்னதாக, வசதியாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அதைப் பையிலேயே எடுத்துப்போகாதீர்கள்.

ரெசிஸ்டரை ஹோல்டரின் கறுப்பு வயரோடு முதல் நாளே சோல்டர் செய்து, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டி, வைத்துவிடுங்கள். வெறுமனே முறுக்கிவிட்டால் குழந்தை இரண்டு முறை இழுத்ததும் கழன்றுவிடும். விளக்கு எரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருளைக் கொடுத்துவிட்டு "இதை எரிய வை" என்று மட்டும் சொல்லுங்கள். பல குழந்தைகள் எல்இடியின் இரண்டு கம்பிக் கால்களையும் மாற்றிப் பிடிப்பார்கள். நீளமான கால் சிவப்பு வயருக்குப் போக வேண்டும் என்று உங்களுக்கு நாக்கு நுனி வரை வரும். சொல்லாதீர்கள்! தலைகீழாக மாட்டினாலும் 3 வோல்ட்டில் எல்இடி கெடாது, அதனால் காத்திருக்கலாம். "வேற எப்படி மாட்டலாம்?" என்ற கேள்வி போதும். திருப்பி மாட்டியும் எரியவில்லையா? ஹோல்டரில் போட்டிருக்கும் +, − குறிப்படி இரண்டு பேட்டரியும் இருக்கின்றனவா என்று குழந்தையையே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வயர் நுனியில் பிளாஸ்டிக் சரியாக உரிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். கடைசியாக, நன்றாக எரியும் இன்னொரு எல்இடியை மாட்டிப் பார்க்கட்டும்.

எரிந்த பிறகு மின்சுற்றின் நடுவில் ஓர் இடைவெளி விட்டு, அந்த இடத்தில் சாவி, நாணயம், அழிப்பான், பென்சில் முனை என்று வைத்துப் பார்க்கலாம். பென்சிலின் கறுப்புக் குச்சியில் வெளிச்சம் மங்கலாக வரும். சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறத்தை எல்லாக் குழந்தையும் "எரியும்" என்றுதான் சொல்லும், பெரும்பாலும் எரியாது. உலோகப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் மூடியிருப்பதுதான் காரணம். என்னைக் கேட்டால் இந்த ஒரு பாக்கெட்டுக்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

சென்னைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. பலூனைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கும் சோதனை நம் ஊர்ப் புழுக்கத்தில் காலைவாரும். காற்றின் ஈரம் மின்னேற்றத்தைக் கரைத்துவிடுகிறது. ஏசி அறை இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சோப்புக் குமிழிக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்புத் தண்ணீரில் நுரை சரியாக வராது. கேன் தண்ணீரில் கலக்குங்கள்.

காசே செலவாகாத சோதனை, நிழலில்லா நாள். சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நேராக நிற்கும் பொருளின் நிழல் பக்கத்தில் விழாத நாள் அது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏப்ரலில் 12.07, ஆகஸ்டில் 12.13 வாக்கில். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும். விளிம்பு அகன்ற டம்ளர் நல்லதில்லை. நேர்க் குழாய்த் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. மொட்டைமாடியில் நேராக வைத்துவிடாதீர்கள், மழைநீர் ஓடுவதற்காகத் தளத்தைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். ஒரு பலகையை வைத்து, அதன்மேல் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மட்டம் பாருங்கள். ஆகஸ்டில் மேகம் வந்து மறைத்துவிடலாம், அதனால் முந்தின நாளும் அடுத்த நாளும் குழந்தைகளை வரச்சொல்லி வையுங்கள். ஒரு நாள் முன்பின் ஆனாலும் நிழல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் இருக்கும்.