குற்றநிவாரண பலியும் ஐந்தில் ஒரு பங்கும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். பலிகளின் விதிகளைச் சொல்லும் லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களை நம்மில் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். கொழுப்பு, குண்டிக்காய், இரத்தம், சாம்பல் என்று வரிசையாக வரும் விவரங்களைப் பார்த்து, கிறிஸ்து ஒரேதரம் தம்மைப் பலியாக ஒப்புக்கொடுத்துவிட்ட பிறகு இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கிறோம். காளைகளின் இரத்தம் பாவத்தைப் போக்காது என்று எபிரெயர் நிருபமே சொல்லும்போது அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும், அங்கே விதிக்கப்பட்டுள்ள ஐந்து வகைப் பலிகளுள், பிறருக்குரியதை அபகரித்தவன் குற்றம் நீங்கச் செலுத்தும் குற்றநிவாரண பலிக்கு மட்டும் நாம் இன்னும் செவிகொடுக்கவே இல்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

ஆறாம் அதிகாரத்தில் ஒரு மனிதன் வருகிறான். அயலான் நம்பி ஒப்படைத்த பொருளை, வாங்கவே இல்லை என்று மறுத்துவிட்டவன். அல்லது காணாமற்போன பொருளைக் கண்டெடுத்து, எடுக்கவில்லை என்று பொய்யாணை இட்டவன். அவன் பழுதற்ற ஓர் ஆட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும். ஆனால் கடா மட்டும் போதாது. எடுத்ததை முழுவதுமாகத் திருப்பி, அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, உரியவன் கையிலேயே, அதுவும் பலியிடும் அந்த நாளிலேயே கொடுக்க வேண்டும். பத்து வெள்ளிக்காசை அமுக்கியவன் பன்னிரண்டாகக் கொடுக்கிறான். வசனங்களின் வரிசையையும் கவனியுங்கள்: ஐந்தாம் வசனத்தில் அயலானுக்குரிய பணம் வருகிறது, ஆறாம் வசனத்தில்தான் கர்த்தருக்குரிய கடா வருகிறது.

எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் இன்னும் நெருக்குகிறது. பணத்தைப் பெற்றுக்கொள்ள உறவின்முறையான் ஒருவனும் இல்லாமற்போனால் அது ஆசாரியனைச் சேரும். வாங்க ஆளில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. எடுத்தவன் கையில் அது தங்கவே கூடாது.

நம் ஆண்டவரின் மலைப்பிரசங்கத்தை இந்தப் பின்னணியில் கேட்டுப் பாருங்கள். பலிபீடத்தின் முன் நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். இதைக் கேட்ட கலிலேயருக்குப் பலிபீடம் இருந்தது எருசலேமில், ஏறக்குறைய மூன்று நாள் நடைதூரத்தில். ஊரிலுள்ள சகோதரனிடம் போய்த் திரும்பிவர ஒரு வாரமாகும். அதுவரை காணிக்கை காத்திருக்கட்டும் என்கிறார். எரிகோவில் ஆயக்காரர் தலைவனான சகேயுவும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்ன பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை பிறக்கிறது.

ஏசாயா 53-ஆம் அதிகாரம், பாடுபடும் தாசனின் ஆத்துமா தன்னைக் குற்றநிவாரண பலியாக ஒப்புக்கொடுப்பதாகச் சொல்கிறது. அந்தத் தாசனைக் கிறிஸ்துவாகக் காணும் நாம், பலி முடிந்துவிட்டது, ஆகவே ஐந்தில் ஒரு பங்கும் முடிந்துவிட்டது என்று எப்படி நினைக்கலாம்? கடாவைக் கர்த்தரே தந்துவிட்டார். காசு இன்னும் நம் மடியில்தான் இருக்கிறது. வரப்பைத் தள்ளிப்போட்டு எடுத்துக்கொண்ட ஒரு முழ நிலமும், கூலியாளுக்குப் பிடித்துவைத்த பாதிக் கூலியும், கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்காமல் விட்ட பங்கும் அப்படியே இருக்க, ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்து கர்த்தருடைய பந்திக்குப் போகிறோம். மீண்டும் சொல்கிறேன்: உரியவன் கையிலே, அந்த நாளிலேயே.

சமாதான பலியைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடியப்போவதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சமாதான பலியில் ஒரு வகையான, நன்றி செலுத்துவதற்காக இடும் பலியின் இறைச்சியில் விடியற்காலம்வரை ஒன்றும் மீதி வைக்கக்கூடாது என்பது விதி. ஒரு குடும்பம் ஒரு மாட்டையோ ஆட்டையோ ஒரே நாளில் உண்டு தீர்ப்பது எளிதல்ல. மற்றவர்களையும் அழைத்தாக வேண்டும். நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று எபிரெயர் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் சொல்வதை அந்தப் பந்தியின் தொடர்ச்சியாகவே நான் வாசிக்கிறேன். நன்றி, வணக்கம்.