சிறிய ரிவால்வர்: எடையிலிருந்து தொடங்க வேண்டிய தேர்வு

வணக்கம். அமெரிக்காவில் தற்காப்புக்காகவும் மலை, காட்டுப் பயணங்களுக்காகவும் ஒரு சிறிய ரிவால்வரை வாங்க நினைப்பவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இந்தக் காணொளியின் பொருள். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றில் எது மிக இலேசானதோ, எது மிக வலிமையான தோட்டாவைச் சுடுமோ, அதைத்தான் புதிதாக வாங்குபவர்கள் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள். இவ்விரண்டு குணங்களும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்துவிட்டால், யாரும் இரண்டாவது முறை பயிற்சிக்கு எடுத்துச் செல்ல விரும்பாத ஒரு கருவிதான் வீட்டுக்கு வந்து சேரும். பழகாத துப்பாக்கி ஆபத்து வேளையில் துணைக்கு வராது என்பதால், எடையைப் பற்றியே இங்கு அதிகம் பேசப்போகிறேன்.

அதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். எச்-1பி, எஃப்-1, சுற்றுலா விசா போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. நண்பருடைய துப்பாக்கியை ஒரு பயணத்துக்காக வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதும் இந்தத் தடைக்குள் வரும். நம்மவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அத்தகைய விசாவில் வாழ்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி; 4473 என்னும் படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனையிலும் தேற வேண்டும். மறைத்து எடுத்துச் செல்வதற்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், எல்லையைக் கடக்கும் பயணத்துக்கு முன் இரு மாநிலங்களின் சட்டத்தையும் படித்துக்கொள்ள வேண்டும்.

[காட்சி: மேசைமேல் அருகருகே மூன்று ரிவால்வர்கள், உருளைகள் திறந்த நிலையில், தோட்டாக்கள் இல்லாமல்]

சிறிய ரிவால்வர் புதிய கண்டுபிடிப்பு அன்று. கோல்ட் நிறுவனம் 1927-இல் இரண்டு அங்குலக் குழலுடன் ஆறு தோட்டா கொள்ளும் டிடெக்டிவ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் 1950-இல் ஒரு தோட்டாவைக் குறைத்து, ஐந்து தோட்டாக்களுடன் இன்னும் மெல்லிய உருளை (தோட்டாக்கள் அமரும் சுழலும் பகுதி) கொண்ட சீஃப்ஸ் ஸ்பெஷலை வெளியிட்டது. இன்று ‘ஜே ஃபிரேம்’ என்று அழைக்கப்படும் குடும்பம் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். அந்தக் குடும்பத்தில் இப்போது அதிகம் விற்பனையாகும் 642 என்னும் மாதிரி, அலுமினியக் கலவைச் சட்டத்தால் (ஃபிரேம் எனப்படும் உடற்பகுதி) ஆனது. ஏறத்தாழ 410 கிராம் எடையுள்ளது. ஸ்காண்டியம் சேர்த்த சட்டமும் டைட்டானியம் உருளையும் கொண்ட 340 பி.டி. ஏறத்தாழ 330 கிராம்தான். முழுக்கத் துருப்பிடிக்காத எஃகால் ஆன ரூகர் எஸ்.பி.101, இரண்டேகால் அங்குலக் குழலுடன் 740 கிராமுக்கு அருகில் வருகிறது.

பையில் வைத்து நடக்கும்போது 330 கிராம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே தோட்டாவை இலேசான துப்பாக்கியிலும் கனமான துப்பாக்கியிலும் சுட்டால், எடை பாதியாகக் குறையும்போது பின்னுதைப்பின் ஆற்றல் இரு மடங்காகிறது. இது இயற்பியலின் அடிப்படைக் கணக்கு. அதன்படி 340 பி.டி.யில் சுடப்படும் .357 மேக்னம் என்னும் வலிமையான தோட்டா, எஸ்.பி.101-இல் சுடப்படும் அதே தோட்டாவைவிட இரு மடங்குக்கும் மேலான ஆற்றலுடன் உள்ளங்கையைத் தாக்குகிறது. முதல் இரண்டு முறை சுட்டபின் கை அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. மூன்றாவது முறை, வெடிக்கும் முன்பே மணிக்கட்டு தானாக முன்னோக்கி இறுகிக் குழலைத் தாழ்த்திவிடுகிறது; குண்டு இலக்குக்குக் கீழே போய்த் தைக்கிறது.

இதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. பயிற்சிக் களத்தில், உங்கள் பயிற்சியாளர் ஐந்து அறைகளில் இரண்டிலோ மூன்றிலோ மட்டும் உண்மையான தோட்டாவையும் மற்றவற்றில் பயிற்சிக்கான போலித் தோட்டாவையும் போட்டு, எந்த அறையில் எது இருக்கிறது என்று சொல்லாமல் உருளையை மூடிக் கொடுக்கட்டும். போலித் தோட்டாவின்மேல் சுத்தி விழும்போது வெடியும் இல்லை, புகையும் இல்லை. ஆயினும் குறிமுள் (குறிபார்க்கக் குழலின் முனையில் இருக்கும் முள்) சட்டென்று இரண்டு விரற்கடை கீழே இறங்கினால், அந்த அசைவு முழுவதும் உங்களுடையது. வாங்கும் முன்பே, வாடகைக்குத் துப்பாக்கி தரும் பயிற்சிக் களங்களில், நீங்கள் நினைத்திருக்கும் மாதிரியை வைத்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். எத்தனை விமர்சனங்களைப் படித்தாலும் இந்தத் தெளிவு கிடைக்காது.

இலேசான துப்பாக்கிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னுதைப்பில் துப்பாக்கி வேகமாகப் பின்னால் பாயும்போது, உருளையில் இன்னும் சுடப்படாமல் இருக்கும் தோட்டாக்களின் ஓடுகளும் (குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் உலோகக் கூடுகள்) அதனுடன் பின்னால் இழுக்கப்படுகின்றன. ஈயக் குண்டோ இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. ஓட்டின் பிடி போதுமான அளவு இறுக்கமாக இல்லாவிட்டால் குண்டு சிறிது சிறிதாக முன்னால் நகர்ந்து, உருளையின் முகப்பைத் தாண்டி நீண்டு, சட்டத்தில் இடித்துச் சுழற்சியையே நிறுத்திவிடும். அத்தகைய அடைப்பை ஒரு நொடியில் சரிசெய்ய இயலாது. எனவே மிக இலேசான ரிவால்வரில், நீங்கள் எடுத்துச் செல்ல நினைக்கும் அதே வகைத் தோட்டாக்களில் நான்கைச் சுட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்து, அதன் நீளம் மாறியிருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

ட்ரிகரின் கடினமும் எடையோடு சேர்ந்தே வருகிறது. சுத்தியை முன்கூட்டி இழுக்காமல் நேரடியாகச் சுடும்போது, சிறிய ரிவால்வர்களின் ட்ரிகருக்குப் பொதுவாக நாலரை முதல் ஐந்தரை கிலோ அழுத்தம் தேவைப்படும். நானூறு கிராம் கருவி ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தை ஒரே விரலால் தருவது எளிதன்று. ரூகர் 2009-இல் அறிமுகப்படுத்திய எல்.சி.ஆர். இந்த இடத்தில்தான் பாராட்டுக்குரியது. உராய்வைக் குறைக்கும் அதன் உள்ளமைப்பால் ட்ரிகர் சீராக நகர்கிறது. புதியவர்கள் கையில் அது தரும் பலனைப் பயிற்சிக் களத்தில் கண்கூடாகக் காணலாம். அதன் .38 வகை ஏறத்தாழ 385 கிராம், .357 வகை ஏறத்தாழ 485 கிராம். நீங்கள் .38 தோட்டாக்களையே சுடப்போகிறீர்கள் என்றாலும், அந்த நூறு கிராம் கூடுதல் எடைக்காகவே .357 வகையை வாங்குவது நல்லது என்பேன்.

இங்கு தோட்டாக்களின் உறவைச் சொல்ல வேண்டும். .38 ஸ்பெஷல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் உருவானது; .357 மேக்னம் 1930-களின் நடுவில் வந்தது. இரண்டின் குண்டும் ஒரே விட்டம் கொண்டது. மேக்னத்தின் ஓடு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளமாகச் செய்யப்பட்டது, அது பழைய .38 துப்பாக்கிகளுக்குள் முழுதாக நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆகையால் .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைத் தாராளமாகச் சுடலாம். மாற்றிச் செய்ய முடியாது. ‘பிளஸ் பி’ என்று குறிக்கப்பட்ட அதிக அழுத்தத் தோட்டாக்களைப் பொறுத்தவரை, உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும்; பழைய துப்பாக்கிகளில் இதை மிகவும் கவனிக்க வேண்டும்.

இரண்டு அங்குலக் குழலில் மேக்னத்தின் வெடிமருந்து முழுதும் எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. மிஞ்சிய மருந்து குழலுக்கு வெளியே பெருந்தீயாகவும் காதைப் பிளக்கும் ஓசையாகவும் வீணாகிறது. வீட்டின் இருட்டறையில் சுடுபவரின் பார்வையும் செவியும் அந்த முதல் வெடியிலேயே தடுமாறும். நகர வாழ்க்கையின் தற்காப்புக்கு .38 ஸ்பெஷலே போதும் என்பது என் உறுதியான கருத்து. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் அதிகாரிகளை இழந்தபின் எஃப்.பி.ஐ. வகுத்த சோதனை முறை, குண்டு ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்கிறது. குட்டைக் குழலின் குறைந்த வேகத்தில், முனை குழிந்த பல குண்டுகள் துணியில் அடைபட்டு விரியாமலே போய்விடுகின்றன. எனவே குட்டைக் குழலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவற்றையோ, முனை தட்டையான வாட்கட்டர் என்னும் மென்மையான தோட்டாக்களையோ தேர்ந்தெடுக்கலாம். வாட்கட்டரின் பின்னுதைப்பு குறைவு, துல்லியம் நன்று. அவசரத்தில் உருளைக்குள் நுழைப்பதற்கு மட்டும் அதன் தட்டை முனை இடைஞ்சலாக இருக்கும்.

[காட்சி: உருளை திறந்து, வெளித்தள்ளும் கம்பி மெல்ல அழுத்தப்படுகிறது]

திரையில் இந்தக் கம்பியைப் பாருங்கள். குட்டைக் குழலுக்குக் கீழே இதற்கு இடம் போதாததால், காலி ஓடுகளை முழுதாக வெளியே தள்ளும் அளவுக்கு இது நீளமாக இல்லை. நீளமான மேக்னம் ஓடுகள் பாதியிலேயே சிக்கி நிற்கும். குழலை வானத்தை நோக்கி நிமிர்த்தி, கம்பியை உள்ளங்கையால் ஒரே அடியாக அடித்தால்தான் அவை தம் எடையாலேயே கீழே விழும். துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி மெல்ல அழுத்தினால், எரியாத வெடிமருந்துத் துகள்கள் நட்சத்திர வடிவிலான தள்ளுதகட்டுக்கு அடியில் விழுந்து தங்கிவிடும். கடுகளவுகூட இல்லாத அந்தத் துகள்களால் உருளை மூடாமலோ சுழலாமலோ போகும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஒரு பழைய பல்துலக்கியால் அந்தத் தகட்டின் அடிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

காட்டுப் பயணத்துக்கு வருவோம். சட்டைக்குள் மறைக்க வேண்டிய தேவை அங்கு குறைவு. எனவே மூன்று அங்குலக் குழலும் முழு எஃகுச் சட்டமும் கொண்ட எஸ்.பி.101 போன்றது பொருத்தமானது. நீளமான குழல் குறிபார்க்க உதவுகிறது. வெளித்தள்ளும் கம்பிக்கும் கூடுதல் இடம் கிடைக்கிறது. நகரத்துக்கும் காட்டுக்கும் ஒரே ஒரு ரிவால்வர்தான் வாங்க முடியும் என்பவருக்கும் நான் இதையே சொல்வேன்: ஊரில் .38, மலையில் முனை தட்டையான, கடின ஈயக் குண்டு கொண்ட .357. விலங்கின் தடித்த தசையையும் எலும்பையும் ஊடுருவ வேண்டியிருப்பதால் விரியும் குண்டு அங்கு ஏற்றதன்று. முதுகுப் பையின் இடுப்புப் பட்டை, இடுப்பு உறையை மறைத்துவிடும் என்பதால் மார்பில் அணியும் உறையைப் பாருங்கள்.

கருங்கரடி வாழும் அப்பலேச்சிய மலைகளில் இது பொருந்தலாம். கிரிஸ்லி என்னும் பெரிய பழுப்புக் கரடி வாழும் மொன்டானா, வயோமிங், அலாஸ்கா பகுதிகளுக்கு .357 குறைந்தபட்சத்துக்கும் கீழே என்றே கருதுகிறேன். ஸ்மித் அண்ட் வெஸன் 329 பி.டி. போன்ற இலேசான .44 மேக்னம் ரிவால்வர்களும் கிடைக்கின்றன; அவற்றைக் கட்டுப்படுத்த நெடுநாள் பயிற்சி வேண்டும். அங்கெல்லாம் கையில் முதலில் இருக்க வேண்டியது கரடிகளுக்கான மிளகுத் தெளிப்பான். அலாஸ்கா நிகழ்வுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், தெளிப்பானுடன் கரடியை நெருக்கத்தில் எதிர்கொண்டவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியிருந்தனர். அதே ஆய்வாளர்களில் சிலர் 2012-இல் துப்பாக்கி தொடர்பான 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, நெருங்கிய மோதலில் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களும் பயன்படுத்தாதவர்களும் ஒரே விகிதத்தில்தான் காயமடைந்திருந்தனர். பாய்ந்து வரும் கரடியின்மேல் குறிவைப்பதைவிட, ஏழெட்டு மீட்டர் தொலைவுக்கு மேகமாகப் பரவும் தெளிப்பானை அழுத்துவது எளிது. யோசெமிட்டி போல அதைத் தடை செய்யும் பூங்காவும் உண்டு என்பதால் முன்னதாகவே விசாரியுங்கள். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது.

எடுத்துச் செல்லும் முறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைப்பதானால், ட்ரிகரை முழுதும் மூடும் உறைக்குள்தான் வைக்க வேண்டும். அந்தப் பையில் சாவி, நாணயம், பேனா எதுவும் இருக்கக் கூடாது. உடையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, சுத்தி உள்ளே மறைந்திருக்கும் வகை மேலானது. வீட்டுக்கு வந்ததும் பூட்டுள்ள பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அலமாரியின் மேல்தட்டோ துணிகளுக்கு அடியோ மறைவிடம் ஆகாது.

அந்தப் பெட்டியில் தோட்டாக்களின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். பயிற்சிக்கு எடுத்துச் சென்ற அதே முதுகுப் பையை விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துச் செல்லும்போது, அடியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலையச் சோதனையில் அகப்பட்டாலும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்காகக் கூடும். பயிற்சிக்கென்று தனிப் பை ஒன்றை வாங்கி, அதை விமானப் பயணத்துக்கு எடுக்காமலே இருப்பது நல்லது.