காலிப் பிக்கப் ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது?

[காட்சி: விடியற்காலை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மீன் ஏற்றிய பிக்கப் வண்டிகள் வரிசையாக வெளியேறுகின்றன.]

வணக்கம். இந்த வண்டிகளின் பின்பக்கத்தைச் சற்றுக் கவனியுங்கள். மீனும் ஐஸுமாக முழு லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது, வேகத்தடையில் பின்பக்கம் தழைந்து, மெதுவாக எழுந்து, நிதானமாகக் கடந்து போகிறது. இதே வண்டி முற்பகலில் வெற்றுப் பெட்டிகளோடு திரும்பி வரும்போது, அதே வேகத்தடை ஓட்டுநரை இருக்கையிலிருந்து தூக்கிப் போடும். கணிசமான பிக்கப் வண்டிகளுக்குப் போகும் நடையில் லோடு, திரும்பும் நடையில் காலி என்பதால், ஓட்டுநரின் இடுப்பு படும் பாட்டில் பெரும்பங்கு அந்தத் திரும்பும் நடையில்தான் இருக்கிறது. அதில் எவ்வளவு வண்டியின் இயல்பு, எவ்வளவு நாமாகச் சேர்த்துக்கொண்டது என்று பிரித்துப் பார்த்துவிட்டால், எங்கே பணம் செலவழிக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தெரிந்துவிடும்.

[காட்சி: வண்டியின் அடிப்பாகம். பட்டை அடுக்கு அருகில் தெரிகிறது.]

பிக்கப்பின் பின் அச்சு பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்கின், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த எஃகுப் பட்டைகளின், மேல்தான் நிற்கிறது. முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கொண்ட இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளிலும் பின்பக்கம் பட்டைதான். ஏனென்றால் அவ்வளவு எடையைக் குறைந்த செலவில், எளிய அமைப்பில் தாங்குவதற்கு அதைவிடத் தோதான ஒன்று இல்லை. முழு லோடுக்குக் கணக்கிட்டுச் செய்த அந்தப் பட்டை, காலி வண்டியின் எடைக்கு 3 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் கணக்கின்படி அப்போது வண்டி நொடிக்கு ஏறத்தாழ 3 முறை ஆடும். லோடு ஏறி அதே பட்டை 9 சென்டிமீட்டர் தாழ்ந்தால், ஆட்டம் நொடிக்கு 1.7 முறையாகக் குறைந்துவிடும். சொகுசான கார்களில் இது 1 முதல் 1.5 வரை இருக்கும். உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கு, மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வுதான் மிகவும் ஒவ்வாதது. ஆக, காலிப் பிக்கப் ஏற்கெனவே அந்த எல்லைக்கு அருகில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடினத்தைக் கூட்டும் ஒவ்வொரு செயலும் வண்டியை எல்லைக்குள் தள்ளுகிறது.

அப்படித் தள்ளுவதில் முதலிடம், பின்னால் சேர்க்கப்படும் எக்ஸ்ட்ரா பட்டைக்கு. தண்டையார்பேட்டையிலும் மணலியிலும் இரும்பு, தண்ணீர் கேன், சிமென்ட் என்று கனமான லோடு அடிக்கிறவர்கள், புது வண்டியை எடுத்த வாரமே பட்டறையில் விட்டு ஒன்றோ இரண்டோ பட்டை ஏற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பட்டை கூடினால் பின்பக்கம் தாழாது என்பது உண்மை. ஆனால் அச்சும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் பழைய அளவிலேயே இருப்பதால், வண்டியின் தாங்குதிறன் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கான அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய் என்றாகிவிட்ட நிலையில், அந்தப் பட்டையால் உண்மையில் என்ன லாபம் என்பதை உரிமையாளர்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சேர்த்த பட்டையைக் கழற்றினாலே வண்டி பாதி குணமாகிவிடும் என்பது என் அனுபவம்.

இதைக் கேட்டுவிட்டு, நிறுவனம் கொடுத்த பட்டையிலும் ஒன்றை உருவிவிடலாமே என்று யோசிக்காதீர்கள். பட்டை எடையைத் தாங்குவதோடு, பிரேக் பிடிக்கும்போதும் வேகமெடுக்கும்போதும் அச்சு தன்னிடத்தில் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்தும் வைக்கிறது. பல வண்டிகளில், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை லோடுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, ஒரு கம்பியின் வழியாகப் பின் அச்சோடு இணைந்திருக்கும். பின்பக்க உயரம் மாறினால் லோடு எவ்வளவு என்பதை அந்த வால்வு தவறாகப் புரிந்துகொள்ளும். ஆகவே எந்தப் பட்டை வேலைக்குப் பிறகும் அந்தக் கம்பியின் அளவைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

[காட்சி: பட்டறைத் தரையில் பிரித்துப் போட்ட பட்டைகள்.]

அடுத்தது துரு. வட சென்னையில், அதுவும் மீன் ஏற்றும் வண்டியில், இதுதான் கண்ணுக்குத் தெரியாத பெரிய எதிரி. பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர், சரக்கு ஏற்றும் தொட்டியின் தகட்டு இடுக்கு வழியாகச் சொட்டிச் சொட்டி நேரே பட்டையின் மேல் இறங்குகிறது. போதாததற்குக் கடற்காற்று வேறு. வண்டி ஆடும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இடையில் துருப்பிடித்துப் பொருக்கு ஏறிவிட்டால், சிறிய பள்ளங்களில் அவை அசையவே அசையாது. அந்த நேரத்தில் வண்டிக்கு ஸ்பிரிங் என்று இருப்பது டயரில் உள்ள காற்று மட்டும்தான். இந்தப் பட்டையைப் பாருங்கள். விரலால் தட்டினால் பிஸ்கட்டைப் போல ஏடு ஏடாக உதிர்கிறது. கீழ்ப்பட்டையின் முனை உராய்ந்து உராய்ந்து, மேல்பட்டையில் நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. குழி இந்த ஆழத்துக்குப் போய்விட்டால் அந்தப் பட்டையை மாற்றிவிடுவதே நல்லது, ஏனெனில் உடையும்போது அங்கேதான் உடையும். மற்றவற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, முனைகளில் தேய்மானத் தட்டுகள் இருந்தால் புதிதாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸை அள்ளிப் பூசினால் மணலைப் பிடித்துவைத்து உப்புத்தாளைப் போல அராவும். மீன் வண்டிக்காரர்கள் லோடு இறக்கியதும் தொட்டியை மட்டும் கழுவிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதே குழாயை இரண்டு நிமிடம் அடியிலும் பிடித்தால், இந்தச் செலவு வெகுவாகத் தள்ளிப்போகும்.

பட்டையைத் திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டையின் முனையில் சுருட்டிய வளையமான கண்ணிலும், அதை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளிலும் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கிவிட்டால், சக்கரம் தரையைத் தொட்டதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். அது தனி ஸ்பிரிங்கைப் போல எதிர்த்து நிற்பதோடு, சீக்கிரம் கிழிந்தும் போகும். போல்ட்டை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை விழுந்த பிறகே இறுக்க வேண்டும்.

டயர் காற்றைப் பொறுத்தவரை, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால், பல நாள் காலியாகவே ஓடும் வண்டிக்கு அந்தக் குறைந்த அளவை வைத்தாலே வித்தியாசம் உடனே தெரியும். தினமும் லோடு ஏற்றுகிறவர்களுக்கு இது பொருந்தாது. குறைந்த காற்றோடு லோடு ஏற்றினால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஷாக் அப்சார்பரை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். அது எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது, அவ்வளவுதான். துருப்பிடித்து இறுகிய பட்டைக்கு விலையுயர்ந்த கேஸ் ஷாக் போடுவது வீண். கார்களில் செய்வதைப் போல ஓரத்தை அமுக்கிப் பார்க்கும் சோதனையும் காலிப் பிக்கப்பில் எடுபடாது, பட்டை அசைந்தால்தானே! எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எர்ணாவூர்ப் பக்கம் மோசமான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, புகைபோக்கிக் குழாயில் கை படாமல் இரு பக்க ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும், செத்துப்போனது குளிர்ந்தே கிடக்கும்.

[காட்சி: வண்டியின் தொட்டி. அச்சுக்கு நேர் மேலே, கயிற்றால் கட்டிய பாதித் தண்ணீர் பாட்டில்.]

இந்த வேலைகளை எல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டால், எது பலன் கொடுத்தது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றும் முடிந்த பிறகு, தொட்டியில் பின் அச்சுக்கு மேலே பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலைக் கட்டி, செல்பேசியை அதற்கு எதிரே பொருத்தி, காலி வண்டியை அதே வேகத்தடையில் அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றி இறக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் இறங்கிய நொடியில் தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்புகிறது, எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்பதை முந்தைய படத்தோடு வைத்துப் பாருங்கள்.