கயிறு கட்டி இழுத்த படகுகள்

நண்பர்களே, வணக்கம்.

டிசம்பர் 4 ஏன் கடற்படை நாள் என்று கேட்டால், 1971 போரில் பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்தை அடித்த நாள் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அப்போது கடற்படைத் தளபதி யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். அட்மிரல் எஸ்.எம். நந்தா.

1915-இல் பிறந்தவர். வளர்ந்தது எங்கே தெரியுமா? கராச்சித் துறைமுகத்தின் வாசலிலேயே இருக்கிற மனோராத் தீவில்! 1941-இல் கடற்படையில் சேர்ந்தார். 1957-இல் ஐ.என்.எஸ். மைசூர் என்ற போர்க்கப்பல் நம் கைக்கு வந்தபோது அதன் முதல் கேப்டன். அப்புறம் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தின் தலைமை. 1970 மார்ச்சில் தளபதி. சரி, பதவிக் கணக்கு போதும்.

1965 போரில் பாகிஸ்தான் கப்பல்கள் துவாரகை வரை வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. சேதம் பெரிதில்லை. ஆனால் போர்பந்தருக்கு வடக்கே போகாதே என்று தில்லி கையைக் கட்டியிருந்தது. கடற்படைக்காரர்களுக்கு அது ஆறாத புண். அதனால்தான் 1971-இல் நந்தா, கராச்சியைத் தாக்கினால் அரசுக்கு ஆட்சேபம் உண்டா என்று இந்திரா காந்தியிடமே நேரில் கேட்டார். போர் என்றால் போர்தானே என்கிற தோரணையில் பதில் வந்தது.

எதைக் கொண்டு தாக்குவது? சோவியத் நாட்டிலிருந்து ஏவுகணைப் படகுகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 200 டன், நாலு ஏவுகணை. நம் ஊர்க் கரையைக் காக்கத்தான் அவை. நெடுந்தூரம் போக எண்ணெய் போதாது. இவ்வளவு கனத்தைத் தூக்கும் கிரேன் மும்பையில் இல்லை என்று கல்கத்தாவில் இறக்கி, கயிறு கட்டி மும்பைக்கு இழுத்து வந்தார்கள். சேது வழியில் ஆழம் ஏது? இலங்கையைச் சுற்றித்தான் வரவேண்டும். அவ்வளவு தூரம் இழுத்து வந்ததைக் கராச்சி வரை இழுக்க முடியாதா? எனக்கு இந்தக் கதையில் ஏவுகணையைவிட அந்தக் கயிறுதான் பிடிக்கும்.

டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற ஏவுகணைப் படகுகள் மூன்றும் கில்தான், கச்சல் என்ற போர்க்கப்பல்களின் துணையோடு கராச்சிக்குப் போயின. கைபர், முஹாபிஸ் என்ற இரண்டு பாகிஸ்தான் போர்க்கப்பல்கள் மூழ்கின. ரஷ்யாவில் பயிற்சி பெற்ற நம் ஆட்கள், எதிரி ஒட்டுக்கேட்டாலும் புரியக்கூடாது என்று வயர்லெஸ்ஸில் ரஷ்ய மொழியிலேயே பேசிக்கொண்டார்களாம்!

எல்லாம் நமக்குச் சாதகமாகவே நடந்துவிடவில்லை. 9-ஆம் தேதி இரவு தியூ அருகே குக்ரி என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. இறந்தவர்கள் அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர், கப்பலின் கேப்டன் முல்லாவும் அதில் ஒருவர்.

அதற்கு முந்தின இரவுதான் வினாஷ் என்ற ஒற்றை ஏவுகணைப் படகு மறுபடி கராச்சிக்குப் போய், அங்கே துறைமுகப் பகுதியான கியாமாரியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியிருந்தது. பல நாள் எரிந்த நெருப்பு அது. மனோராவுக்குப் படகு பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கியாமாரிக்குத்தான் போகவேண்டும். சின்ன வயதில் நந்தா அந்தத் துறையில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாரோ!