கேட்டமரான் சாயாது என்றால் சுலபமா? களியக்காவிளை சகோதரியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். அடுத்த கேள்வி களியக்காவிளையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. வாசிக்கிறேன்: "ஜனவரியில் நாங்களும் துபாயில் இருக்கும் என் தம்பி குடும்பமும் ஃபூகெட் போகிறோம். அங்கே 40 அடி கேட்டமரான் ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம் என்கிறான் தம்பி. இரண்டு உடல் உள்ள படகு சாயாது, அதனால் சுலபம், வீடியோ பார்த்தே பழகிவிடலாம் என்கிறான். எங்கள் யாருக்கும் பாய்ப்படகு ஓட்டிப் பழக்கம் இல்லை. குழந்தைகளும் வருகிறார்கள். என்ன செய்யலாம்?"

சரி. தம்பி சொல்வதில் பாதி உண்மை. படகு சாயாது, மேசையில் வைத்த டீ டம்ளர் பெரும்பாலும் வைத்தபடியே இருக்கும். ஆனால் புதிதாக ஓட்டுகிறவருக்கு ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. ஒற்றை உடல் படகில் காற்று கூடினால் படகு சாயும். சாயச் சாய, பாயிலிருந்து கொஞ்சம் காற்று நழுவிப் போகும். அடியில் உள்ள கனமான கீல் படகைத் திரும்ப நிமிர்த்தும். ஓட்டுகிறவருக்கும் மனசில் ஒரு பயம் தட்டும், பாயைக் குறைத்துவிடுவார். கேட்டமரானில் அந்த எச்சரிக்கை கிடையாது. காற்று இரண்டு மடங்கானால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்கு ஆகும். அந்தப் பாரம் முழுக்கப் பாய்மரத்துக்கும் அதை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகளுக்கும் போகும். மேலே உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒன்றுமே தெரியாது.

அதனால் இந்தப் படகில் உடம்பை நம்பாமல் காற்றின் வேகம் காட்டும் மீட்டரை நம்பிப் பாயைக் குறைக்க வேண்டும். இதை ரீஃப் எடுப்பது என்பார்கள். எத்தனை நாட் காற்றில் முதல் ரீஃப், எத்தனையில் இரண்டாவது என்று ஒவ்வொரு படகுக்கும் ஒரு பட்டியல் உண்டு. 40 அடிப் படகுகளில் முதல் ரீஃப் பெரும்பாலும் 18, 20 நாட் அளவில் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். 20 நாட் காற்று பின்னாலிருந்து வருகிறது, படகும் 7 நாட் வேகத்தில் அதே பக்கம் போகிறது என்று வைப்போம். படகில் இருக்கிறவர் முகத்தில் உணர்வது 13 நாட்தான். இதமாக இருக்கிறது என்று முழுப் பாயோடு போவார்கள். ஒரு குழந்தையின் தொப்பி தண்ணீரில் விழுந்து, அதை எடுக்கப் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினால் அதே காற்று 25 நாட் போல வந்து அடிக்கும். பின்காற்றில் போகும்போது உண்மையான காற்றின் அளவைப் பார்த்தே பாயைக் குறைத்து வைக்க வேண்டும். வீடியோ பார்த்தால் இது மண்டையில் ஏறும், கைக்கு வராது.

அடுத்தது நங்கூரம். வாடகைப் பயணத்தில் தினமும் சாயங்காலம் இதுதான் வேலை, ஆனால் பழகப் போகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஃபூகெட் பக்கம் பாங் நா விரிகுடா ஆழம் குறைவான இடம், பெரிய ஓதத்தின்போது கடல் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கலாம். நீங்கள் போய் நிற்கும் நேரம் வற்றம், அதாவது தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஆழம் 5 மீட்டர் என்று வையுங்கள். ராத்திரி ஏறப்போகும் 3 மீட்டரையும், அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, தண்ணீர் வரை உள்ள ஒன்றரை மீட்டரையும் கூட்டினால் ஒன்பதரை. அதைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விடுவதுதான் கணக்கு, ஆக 47.5 மீட்டர் விட வேண்டும். 5 மீட்டரை மட்டும் கணக்கில் எடுத்து 25 மீட்டர் விட்டுத் தூங்கினால் நடுராத்திரியில் நங்கூரம் பிடி விட்டு இழுபடலாம். கேட்டமரானில் இன்னொன்றும் செய்ய வேண்டும். இரண்டு அணியத்திலிருந்தும் கயிறு கொண்டுவந்து சங்கிலியில் மாட்ட வேண்டும், அதற்குப் பெயர் பிரைடில். அது இல்லாவிட்டால் படகு இரவு முழுக்க இப்படியும் அப்படியும் ஆடும்.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் தம்பி சொல்வது போல சுலபம்தான். இரண்டு எஞ்சின்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் இடது முன்னால், வலது பின்னால் என்று வைத்தால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பிவிடும். பக்கக்காற்று அடித்தால் மட்டும் படகின் உயரமான உடல் சட்டென்று ஒதுங்கும்.

எங்கே பழகுவது? முதலில் சின்னப் படகில். ஹோபி 16 என்ற இரண்டு பேர் கேட்டமரான் அல்லது ஒரு சின்ன டிங்கி போதும். அதில் காற்றின் ஒவ்வொரு அசைவும் கையில் தெரியும், தப்புச் செய்தால் உடனே நனைவீர்கள். சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, கொச்சியிலும் விசாரியுங்கள். கொச்சி என்றால் தென்மேற்குப் பருவம் முடிந்த பிறகு போங்கள். அதற்குப் பிறகு பெரிய படகிலேயே தங்கிப் படிக்கும் ஐந்து நாள் பயிற்சி. பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. என்ற படகோட்டச் சங்கத்தின் முறையில் முதலில் காம்பிடன்ட் க்ரூ என்ற உதவியாளர் பாடம், அப்புறம் டே ஸ்கிப்பர் என்ற படகோட்டி பாடம். டே ஸ்கிப்பரில் சேரவே ஐந்து நாள் கடல் அனுபவம், 100 கடல் மைல், நான்கு மணி நேர இரவு ஓட்டம் எதிர்பார்க்கிறார்கள். அமெரிக்க ஏ.எஸ்.ஏ. முறையில் கேட்டமரானுக்கென்றே 114 என்ற பாடம் உண்டு, 101, 103, 104 முடித்துவிட்டு அதற்கு வர வேண்டும்.

இத்தனையும் ஜனவரிக்குள் நடக்காது, சகோதரி. என் முடிவைச் சொல்கிறேன்: ஒரு வாரமும் ஸ்கிப்பரோடு, அதாவது படகோட்டத் தெரிந்த ஒருவரோடு, படகை எடுங்கள். அவர் ஓட்ட நீங்கள் வேடிக்கை பார்க்கிற மாதிரி வேண்டாம், முன்கூட்டியே பேசி பெரியவர்கள் ஆளுக்கொரு வேலையாகக் கற்றுக்கொள்ளுங்கள். யார் நங்கூரம், யார் பாய்க்கயிறு, யார் சுக்கான் என்று தினமும் மாற்றுங்கள். குழந்தைகளுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

அதுவரை செலவில்லாத ஒரு பயிற்சி உண்டு. ஞாயிறு மத்தியானம் தேங்காப்பட்டணம் கடற்கரைக்குப் போங்கள். கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் 7 முதல் 10 நாட், எங்கே பார்த்தாலும் நுரை என்றால் 17 முதல் 21. காற்றின் வேகத்தை முதலில் கண்ணால் சொல்லுங்கள், பிறகு போனில் சரிபாருங்கள். தண்ணீர் ஒரு இடத்தில் கறுத்து நகர்ந்து வந்தால் அது நம்மை நோக்கி வரும் காற்று வீச்சு. தம்பியையும் துபாய் கடற்கரையில் இதையே செய்யச் சொல்லுங்கள். படகு வாடகைக் கம்பெனிக்கு எழுதும்போது அந்தப் படகின் ரீஃப் பட்டியலை இப்போதே அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.