பி.டி. வாத்தியாரும் கணக்கு டீச்சரும்

நேயர்களுக்கு வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பத்தோரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் பி.டி. வாத்தியார் என்றால்தான் தெரியும். விளையாடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் வழக்கமாகக் கூப்பிடுவார்கள். இன்றைக்கு அவர்களைப் பெற்றவர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் நம் வடுவூர்ப் பையன் அபினேஷ் இருந்தார். வடுவூருக்குக் கபடி ஒன்றும் புதிதல்ல. ஆனாலும் அந்தத் தங்கத்துக்கு அப்புறம் மன்னார்குடிப் பக்கம் பல அப்பாக்களுக்குத் தூக்கம் போய்விட்டது. சந்தோஷம்தான். ஆனால் களத்தில் ஒரு அணிக்கு ஏழு பேருக்குத்தான் இடம். இடம் கிடைக்காதவர்களும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும், அந்த ஏழு பேரும் எழுத வேண்டும்.

ஒரு அம்மா. நடவு ஆள். குறுவட்டப் போட்டி முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. "சார், புள்ளைய ஓடச் சொல்லட்டா, படிக்கச் சொல்லட்டா? நீங்க ஓடுங்கறீங்க. கணக்கு டீச்சர் நிறுத்துங்கறாங்க. நான் யாரு பேச்சைக் கேக்கறது?" என்றார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. நானும் கணக்கு டீச்சரும் ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி. நாங்கள் இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசித் தீர்க்க வேண்டியதை, நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வந்த அம்மாவின் தலையில் தூக்கி வைத்திருந்தோம்.

அடுத்த ஜூனில், மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள், டீச்சரும் நானும் ஒரு தாளில் எழுதினோம். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எல்லாம் சுமாராக எந்த மாதம், காலாண்டுத் தேர்வு எப்போது, எந்தப் பாடம் விட்டுப்போகும், யார் எந்தச் சனிக்கிழமை அதை நடத்துவது. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும். அதனால் அந்த இரண்டு மாதமும் படிப்புக்கு என்று முடிவு செய்தோம். அந்தத் தாளைப் பெற்றோருக்கு ஆளுக்கொன்றாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் இப்படிப் படிப்பையும் விளையாட்டையும் சேர்த்துக் கொண்டுபோவதற்கு 2012-லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டார்கள். பின்னாளில் பெற்றோருக்கென்றே பாடத்திட்டமும் தயாரித்தார்கள். நமக்கு ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதை நம்பித்தான் பாதிப் பேர் பிள்ளையை அனுப்புகிறார்கள். என் மாணவன் ஒருவனுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். ஒரு அலுவலகத்தில் ஆறு மாதம் இழுத்தடித்தார்கள். அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. பிள்ளை ஏழாவது படிக்கும்போதே பெயரையும் இனிஷியலையும் எல்லாத் தாளிலும் ஒன்றாக்கிவிடுங்கள்.

அப்புறம் எடை. கபடியில் வயதுப் பிரிவோடு எடை வரம்பும் உண்டு. எடை பார்க்கிற நாளுக்கு முன்னால் சோறும் தண்ணீரும் கொடுக்காமல், ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓடவிடுகிறார்கள். பெற்றவர்களும் 'கோச் சொன்னார்' என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வளர்கிற உடம்பு அது. யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்காதீர்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நாலரைக்கு எழுந்து ஓட வேண்டுமென்றால் இரவு எட்டரைக்கு வீட்டில் டி.வி. அணைந்தாக வேண்டும். அது அப்பாவின் வேலை.

அப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூரில் ஒரு கபடிப் போட்டி. எங்கள் பெண் அரையிறுதியில் தோற்றுவிட்டாள். அவள் அப்பா அரை நாள் கூலியை விட்டுவிட்டு டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்திருந்தார். அவள் என்னிடம் வந்து, "சார், நான் உங்களோட பஸ்ல வந்துடறேன்" என்றாள். வண்டியில் போனால் வீடு வரைக்கும், ஏன் அந்தக் கடைசி ரைடுக்குப் போனாய், ஏன் போனஸ் பாயிண்ட் எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே வருவாராம். முன்னால் பார்த்து ஓட்டுகிற ஆளிடம் பின்னால் உட்கார்ந்து அழவும் முடியாது என்றாள்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபப்படவில்லை. "சரி சார். ஆனா அவ்வளவு தூரம் என்னதான் பேசிக்கிட்டு வர்றது? வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே" என்றார். பசிக்குதா என்று கேளுங்கள் என்றேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "அம்மாபேட்டை வர்றதுக்குள்ள நாலு தடவை கேட்டுட்டாரு சார்" என்றாள்.

வணக்கம்.